அளவுகோல் யார் பொறுப்பு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறைக்குள் போய் மேசை இழுப்பறையைத் திறந்தாலும் ஒரு வெர்னியர் காலிபர் இருக்கும். அதன் முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கேலிப்ரேஷன் செய்த தேதி, அடுத்துச் செய்ய வேண்டிய தேதி, ஓர் எண், ஒரு கையெழுத்து. எண்ணெய்க் கறையில் தேதி அழிந்துபோன ஸ்டிக்கர்களும் உண்டு. நாளைக்கு ஆடிட் என்றால் முந்தின நாள் மாலை பட்டறை முழுக்கத் தேடுவது இந்தத் தேதியைத்தான். மற்ற நாட்களில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. காலிபரைச் சோதித்த உள்ளூர் ஆய்வகம் தன்னிடமுள்ள ஸ்லிப் கேஜ் கட்டைகளோடு அதை ஒப்பிட்டது. அந்தக் கட்டைகள் அதைவிடத் துல்லியமான வேறோர் ஆய்வகத்தில் ஒப்பிடப்பட்டவை. படிப்படியாக ஏறினால் புது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்போம். அங்கே மீட்டரை நிறுவுவது லேசர் ஒளியின் அலைநீளம். வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் போகிறது என்ற வரையறையிலிருந்து அது பெறப்படுகிறது. அம்பத்தூரில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஆபரேட்டரின் கையிலுள்ள காலிபரும் அந்த லேசரும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் உறவு இல்லை.

டெல்லி முனை இன்று உறுதியாகவே இருக்கிறது. தளர்ந்திருப்பது நம் முனை. இதற்குப் பட்டறைக்காரரை மட்டுமோ, முத்திரை ஆய்வாளரை மட்டுமோ குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. ஆனால் அதைப் பேசுவதற்கு முன், அந்த டெல்லி முனையைக் கட்டியவர்கள் யார் என்று பார்ப்போம். தொடக்கத்திலேயே ஒரு தமிழர் வருகிறார்.

தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டியது 1947 ஜனவரி 4 அன்று. நாடு விடுதலை பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. சர்தார் வல்லபாய் படேல் அதைத் திறந்துவைத்தது 1950 ஜனவரி 21, அதாவது குடியரசு ஆவதற்கு ஐந்து நாள் முன்பு. ஜெர்மனி 1887-இலும், பிரிட்டன் 1900-இலும், அமெரிக்கா 1901-இலும் இத்தகைய ஆய்வகங்களை நிறுவிவிட்டன. தொழில்வளம் பெருக வேண்டுமானால் அளவை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதை அந்த நாடுகள் முன்கூட்டியே புரிந்துகொண்டிருந்தன. பசியும் பிரிவினையும் வாட்டிய நாட்களில் ஒரு புதிய அரசு இதற்குப் பணமும் கவனமும் ஒதுக்கியது சாதாரண முடிவு அல்ல.

முதல் இயக்குநராக அமர்ந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். 1898-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். பிறகு கல்கத்தா போய் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928-இல் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை 'நேச்சர்' இதழுக்கு அறிவித்த கட்டுரையில் ராமனோடு அவர் பெயரும் இருக்கிறது. நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. ராமன் விளைவில் கிருஷ்ணனின் பங்கைப் பற்றித் தமிழ்நாட்டில் நிறையப் பேசியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம்.

டாக்காவுக்குப் போன கிருஷ்ணன் அங்கே படிகங்களின் காந்தப் பண்பை அளக்கத் தொடங்கினார். ஒரு படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி காந்தமாவதில்லை. அந்த வேறுபாடு மிக மிகச் சிறியது. கிருஷ்ணன் ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப்புலத்தின் நடுவே தொங்கவிட்டார். இழையை முறுக்க முறுக்க, ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பும். எவ்வளவு முறுக்கினால் திரும்புகிறது என்பதிலிருந்து உள்ளேயிருக்கும் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கணக்கிட்டார். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஓர் இழை, ஒரு காந்தம், பொறுமை. 1940-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அளவை ஆய்வகம் ஒன்றுக்குத் தலைமை தாங்க இப்படிப்பட்டவர்தான் வேண்டும். எளிய கருவியிலிருந்து கடைசித் துளித் துல்லியம் வரை பிழிந்தெடுக்கத் தெரிந்த மனிதர். டெல்லியிலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடவில்லை. வெற்றிடத்தில் சூடேறும் மெல்லிய கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் ஆழ்ந்த வாசிப்பு உள்ளவர் என்பதைப் பழகியவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். 1961 ஜூனில், பதவியில் இருக்கும்போதே மறைந்தார்.

அவருடைய காலத்தில்தான் நாட்டின் எடையும் அளவும் மாறின. வீசை, பலம், மணங்கு, படி, ஆழாக்கு என்றெல்லாம் நம் பாட்டிமார் எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வீசைக்கு 40 பலம், மணங்குக்கு 8 வீசை. ஆனால் ஒரு வட்டத்தின் படியும் அடுத்த வட்டத்தின் படியும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டில் லாபம் பார்த்தவர் வியாபாரி, நஷ்டப்பட்டவர் விவசாயி. 1956-இல் எடையளவுச் சட்டம் வந்தது. 1957-இல் ரூபாய் நூறு பைசா ஆனது. அதே ஆண்டு சர்வதேச மீட்டர் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பாரிஸ் அருகே செவ்ரில் வைக்கப்பட்டிருந்த மூலக் கிலோகிராமின் 57-ஆம் எண் நகல் இந்தியாவுக்கு வந்து, ஆய்வகத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த உருளை அது. 2019 மே 20-இல் கிலோகிராம் உலோகத்திலிருந்து விடுபட்டு பிளாங்க் மாறிலியின் வழியாக வரையறுக்கப்படும் வரை, அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் கால் கிலோ வெங்காயம் போட்ட எடைக்கல்லுக்கும் செவ்ரில் இருந்த அந்த உலோகத் துண்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொடர்பு இருந்தது.

ஆய்வகத்தின் இன்னொரு பொருள் நம் எல்லோர் விரலிலும் ஏறியிருக்கிறது. 1962 பொதுத்தேர்தலில் அறிமுகமான அழியாத மை அங்கே உருவானது. மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்துத் தருகிறது. ஆவடியில் வாக்களிக்கும் ஒவ்வொருவரும் இடது ஆள்காட்டி விரலில் அந்த ஆய்வகத்தைச் சில நாட்கள் சுமக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதும் ஒரு வகையில் அளவுப் பிரச்சினைதான்.

கிருஷ்ணனுக்குப் பின் வந்தவர்களில் அஜித் ராம் வர்மா படிக வளர்ச்சி ஆய்வில் பேர் பெற்றவர். 1965 முதல் 1982 வரை தலைமை வகித்தார். 1990-களில் தாழ்வெப்ப இயற்பியலாளர் இ.எஸ். ராஜகோபால் அந்த இடத்தில் இருந்தார். இவர்கள் நடுவே ஆஷேஷ் பிரசாத் மித்ராவின் கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. இந்தியாவின் நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு சுமார் 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வெளியேறுகிறது என்றது. புவி சூடாவதற்கான பழி, தண்ணீர் கட்டி நெல் விளைக்கும் ஏழை விவசாயியின் தலையில் விழ இருந்தது. இந்த எண் இங்கே வயலில் இறங்கி அளந்து கிடைத்ததல்ல. வேறு நாட்டு நிலங்களின் கணக்கை இங்கே விரித்துப் பெருக்கியது. மித்ராவும் அவருடைய கூட்டாளிகளும் 1991-இல் நாட்டின் பல பகுதிகளில் வயலுக்கே போனார்கள். நாற்றின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, சேரும் வாயுவை எடுத்து அளந்தார்கள். வந்த எண் சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு. கோபமாகக் கட்டுரை எழுதி இதைச் சாதித்திருக்க முடியாது. சரியான கருவி, அந்தக் கருவிக்கு நம்பத்தகுந்த ஒப்பீடு, வெயிலில் வயலில் நிற்கத் தயாரான ஆட்கள் இருந்தார்கள். அதனால் சர்வதேச மேசையில் இந்தியாவின் சொல் எடுபட்டது. தனக்குத் தானே அளந்துகொள்ளத் தெரியாத ஊர் மற்றவர் அளந்து சொல்வதைத்தான் ஏற்க வேண்டியிருக்கும்.

இந்த அறிவு டெல்லியிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த விருந்தாளி என்று நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன் ஆடவல்லான் என்ற கல்லால் நிறுக்கப்பட்டதாகவும், மணிகள் தட்சிணமேரு விடங்கன் என்ற கல்லால் நிறுக்கப்பட்டதாகவும் பதிவு இருக்கிறது. நெல் அளக்கும் ஆடவல்லான் மரக்காலைச் சொல்லும் இடத்தில், அது ராஜகேசரி மரக்காலோடு ஒக்கும் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இன்றைய பாஷையில் இது கேலிப்ரேஷன் சான்றிதழ். இந்த அளவு எந்த அளவோடு ஒப்பிடப்பட்டது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி மதில்மேல் வெட்டிவைத்திருக்கிறார்கள். நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் கோடுகளாகச் செதுக்கிவைத்த வழக்கமும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. வழக்கு வந்தால் ஊரார் கோலை எடுத்துக்கொண்டு சுவரோடு வைத்துப் பார்க்கலாம்.

நமக்கு இன்னும் அருகில், பரங்கிமலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவை அளந்து முடித்த மாபெரும் முக்கோண அளவைப் பணிக்கு அதுதான் முதல் கோடு. கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. சென்னை வெயிலில் எஃகு நீளும் என்பது அவருக்குத் தெரியும். எனவே சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக் கணக்கைத் திருத்தினார். அந்தச் சங்கிலியைத் தூக்கி வைத்து, பெட்டிகளை நகர்த்தி, வெயிலில் நடந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் பெயர்கள் பதிவில் இல்லை.

இந்த வெப்பமானிகளை அம்பத்தூருக்குக் கொண்டுவரலாம். உலகம் முழுவதும் நீளத்தை அளக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். நம் தகரக் கூரைப் பட்டறைகளில் மே மாதம் 38, 40 என்று ஏறும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். அதாவது 100 மில்லிமீட்டர் துண்டு 38 டிகிரியில் ஏறக்குறைய 20 மைக்ரான் கூடுதலாக இருக்கும். பேரிங் உட்காரும் 50 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு வரைபடம் கேட்கும் மொத்த டாலரன்ஸே சில நேரம் 16 மைக்ரான்தான். கேஜும் வேலைத்துண்டும் இரண்டும் எஃகு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பிழை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கிரைண்டிங்கிலிருந்து சூடாக எடுத்த துண்டை உடனே மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்க்கும்போதுதான் கணக்கு தப்புகிறது. கால் மணி நேரம் ஆறவிடச் சொல்வது எளிது. ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று ஒப்புக்கொண்டவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

மேற்குச் சென்னையின் தொழில்வரலாறே துல்லியத்தின் வரலாறு. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் ஆலை வந்தது. 1955-இல் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டு பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்தது. 1960-களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்குகள் உருண்டு வந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டை அந்தப் பத்தாண்டிலேயே எழுந்தது. பிறகு பாடி, கொரட்டூர், திருமழிசை, பூந்தமல்லி என்று வாகன உதிரிபாகப் பட்டறைகள் பரவின. 1998-இல் பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. அதை வென்ற முதல் இந்திய நிறுவனம் அது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அளக்கத் தெரியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனாலும் பெரிய ஆலைக்குள் இருக்கும் அந்தப் பழக்கம் தெருக்கோடியிலுள்ள ஜாப் ஒர்க் ஷெட்டுக்குப் போகும்போது தேய்ந்துவிடுகிறது. கருவியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சில நாள் வேலை நிற்கும், கட்டணம் வேறு. அதனால் ஆடிட் நெருங்கும்போது மட்டும் அவசரமாகச் சான்றிதழ். இத்துறையில் இருப்பவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வது இன்னொன்றும் உண்டு: கருவி பட்டறையைவிட்டு வெளியே போகாமலேயே காகிதம் மட்டும் வருவது. அந்தக் காகிதத்தை வாங்குபவர் ஏமாறவில்லை; தெரிந்துதான் வாங்குகிறார். ஏமாறுவது, அந்தப் பாகம் பொருத்தப்பட்ட வண்டியில் போகும் யாரோ ஒருவர்.

இதைச் சிறு முதலாளியின் நேர்மைக் குறைவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. வேலை கொடுக்கும் பெரிய நிறுவனம் ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்கிறது. ரிஜெக்‌ஷன் வந்தால் முழுப் பணத்தையும் பிடிக்கிறது. பில் தொகையை மாதக்கணக்கில் இழுக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006 சட்டம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. பணத்துக்காகக் காத்திருக்கும் பட்டறை முதலில் எதில் கை வைக்கும்? கேலிப்ரேஷன் செலவில்தான். வாங்குபவர் கணக்குத் துறை காலம் தாழ்த்துவதும், அவருடைய தரத் துறை ஸ்டிக்கர் தேதியைக் கேட்பதும் ஒரே கட்டடத்துக்குள் நடக்கும் முரண்பாடு. உதிரிபாகத்தின் விலையில் அளவுச் செலவுக்கென்று ஒரு பங்கை வெளிப்படையாகச் சேர்க்க வாங்குபவர்கள் முன்வர வேண்டும். பட்டறைக்காரர்களின் சங்கங்கள் தங்கள் பங்குக்குப் பொதுவான ஸ்லிப் கேஜ் செட், குளிரூட்டிய ஒரு சிறு அறை, பயிற்சி பெற்ற ஒருவர் என்று பேட்டைக்குள்ளேயே அமைக்கலாம். கிண்டியில் மத்திய அரசின் சிறுதொழில் சோதனை மையம் இருக்கிறது. அங்கிருந்து வழிகாட்டல் பெறலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தபோது எத்தனையோ பட்டறைகளின் கருவிகள் துருப்பிடித்தன. பொது அறை என்றால் தரைத்தளத்தில் வைக்கக் கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

பட்டறைக்கு வெளியே வந்தால் இன்னும் பெரிய களம். கடை எடைக்கல்லுக்கும் தராசுக்கும் தனி வரிசை இருக்கிறது. டெல்லி ஆய்வகம், பெங்களூரிலுள்ள மண்டல ஆய்வகம், மாநில அரசின் தர எடைகள், அதற்கும் கீழே கடைக்காரரின் தராசு. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு சட்டம் 2011 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வேண்டும். வளர்ந்துகொண்டே போகும் ஆவடி, பூந்தமல்லி கடைத்தெருக்களை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வாளர்கள் எப்படிப் பார்த்து முடிப்பார்கள்? அவர்களுக்குக் கண்ணும் காதும் நாம்தான். பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டர் முத்திரைக் குவளையில் அளந்து காட்டச் சொல்ல எந்த வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. அதைக் கேட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பாரே என்று விட்டுவிடுகிறோம்.

அளவில் நேர்மையைக் கேட்கும்போது அந்த அளவுக்கு வைக்கும் விலையும் நேர்மையாக இருக்க வேண்டும். ஆட்டோ மீட்டரைப் பாருங்கள். சட்டப்படி அதுவும் முத்திரை போட வேண்டிய அளவுக் கருவிதான். 2013 ஆகஸ்டில் சென்னையில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போக, பல ஆண்டுகள் அந்தக் கட்டணத்தை யாரும் தொடவில்லை. ஓட்டுநர் மீட்டரைத் துணி போட்டு மூடிவிட்டார், பயணி கத்தினார், பிறகு செயலி வந்து வேறு கணக்கு சொன்னது. அந்தக் கருவி சாகக் காரணம் ஓட்டுநர் மட்டுமல்ல. கட்டணத்தைக் காலத்துக்கேற்ப மாற்றத் தவறிய அரசும், மீட்டர் போட்டவரிடமும் பேரம் பேசிய நாமும் சேர்ந்துதான் அதைக் கொன்றோம். ரேஷன் கடை ஊழியர்களும் நீண்டகாலமாக ஒன்று சொல்லி வருகிறார்கள்: கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவு, அந்தக் குறையை நாங்கள் எங்கே போய் ஈடுகட்டுவது என்று. கடைசித் தராசில் நிற்பவரை மட்டும் தண்டித்தால் மூட்டை நிறையாது.

டிசம்பர் வந்தால் மேற்குப் புறநகரில் எல்லோரும் ஓர் எண்ணைப் பார்க்கிறோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் இது சிறு பிள்ளைக்கும் தெரியும். (மெட்ரிக் முறை வந்து அறுபது ஆண்டு கடந்தும் ஏரியை அடியிலும் நிலத்தை கிரவுண்டிலும் சென்ட்டிலும்தான் பேசுகிறோம். அது போகட்டும்.) நீர்மட்டக் கோலில் இருக்கும் எண்ணை அரசு சொல்கிறது, மக்கள் நம்புகிறார்கள், அதை வைத்துப் பொருட்களை மேல்தளத்துக்கு ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். அந்த ஏரியின் எண்ணில் நாம் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைக் காய்கறித் தராசிலும், டேங்கர் லாரியின் கொள்ளளவிலும் காட்டினால் போதும். 12,000 லிட்டர் என்று எழுதிவரும் லாரியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் குடியிருப்போர் சங்கங்கள் குறைவு. கேட்டால் அடுத்த நாள் லாரி வராது என்ற பயம். ஒரு சங்கம் தனியாகக் கேட்டால் அப்படித்தான் ஆகும். அயப்பாக்கத்திலிருந்து திருநின்றவூர் வரை எல்லாச் சங்கங்களும் சேர்ந்து, முத்திரையிட்ட அளவு இருந்தால்தான் தண்ணீர் எடுப்போம் என்று சொன்னால் லாரிக்காரர்களும் தொட்டியை அளந்து முத்திரை வாங்குவார்கள். நேர்மையாக ஓட்டும் லாரிக்காரருக்கும் அது பாதுகாப்பு.

தொடங்குவதற்குச் சிறிய ஒன்று போதும். ஓ.டி. மார்க்கெட்டிலும், ஆவடி சந்தையிலும், பூந்தமல்லி கடைத்தெருவிலும் தலா ஒரு பொதுத் தராசு வைக்கலாம். பக்கத்தில் ஒரு மீட்டர் நீளப் பட்டை; ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் குவளைகள். வாங்கிய பொருளை யார் வேண்டுமானாலும் அங்கே கொண்டுவந்து நிறுத்துப் பார்க்கலாம். வாங்குபவருக்கு எவ்வளவு பயனோ, பக்கத்துக் கடைக்காரரின் மோசடியால் தோற்றுக்கொண்டிருக்கும் நேர்மையான வியாபாரிக்கும் அவ்வளவு பயன். சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலமும், 2019-இல் மாநகராட்சியான ஆவடியும், பூந்தமல்லி நகராட்சியும் இதை அடுத்த பட்ஜெட்டில் சேர்க்கலாம். வியாபாரிகள் சங்கம் இடமும் மின்சாரமும் தரலாம். பேட்டையின் தொழில் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துத் தரலாம். பள்ளி மாணவர்கள் மாதம் ஒருமுறை வந்து எண்ணை எழுதிப் பலகையில் ஒட்டலாம். தராசை வைத்துவிட்டுப் புகைப்படம் எடுப்பதில் சிரமமே இல்லை. அதற்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்கிவரும் வேலை யாருடையது என்பதையும், பழுதானால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதி, அந்தத் தராசின் மேலேயே ஒட்டிவைக்க வேண்டும்.